விசாரணைக் கைதிகளுக்காக எழுதிய காவல் அதிகாரி

பிணை கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அடிதடி வழக்கிலோ சிறு திருட்டு வழக்கிலோ திருச்சி மத்திய சிறைக்குப் போன கூலித் தொழிலாளிக்கு நீதிமன்றம் பிணை கொடுத்துவிடும். ஆனால் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். நிற்பவர் பெயரில் வீட்டு வரி ரசீதோ பட்டாவோ இருக்க வேண்டும். காலனியில் யாரிடம் பட்டா இருக்கிறது? வேப்பந்தட்டைப் பக்கம் சின்ன வெங்காயக் கொல்லையில் களை எடுக்கிறவரும், அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராகப் போகிறவரும் சொத்து காட்ட எங்கே போவார்கள்? உத்தரவு வந்த பிறகும் உள்ளேயே இருப்பார்கள்.

இந்தக் கொடுமை நாடறிந்த விஷயமாகி, உச்ச நீதிமன்றம் வரை போய், சட்டமாக மாறத் தொடங்கியது 1979-ல். அதைத் தொடங்கி வைத்தவர் வழக்கறிஞரும் அல்ல, கட்சித் தலைவரும் அல்ல. 38 ஆண்டுகள் காக்கிச் சட்டை போட்டு ஓய்வுபெற்ற ஒரு காவல் அதிகாரி. கே.எஃப்.ருஸ்தம்ஜி என்பது அவர் பெயர். நேருவின் பாதுகாப்பு அதிகாரி, சம்பல் கொள்ளையர்களை ஒடுக்கியவர், எல்லைப் பாதுகாப்புப் படையின் முதல் தலைவர் என்று வடநாட்டில் அவரைப் பற்றிப் பேசுவார்கள். நமக்கு அவர் வேறு காரணத்துக்காக வேண்டியவர்.

குஸ்ரோ ஃபராமுர்ஸ் ருஸ்தம்ஜி 1916-ம் ஆண்டு மே 22-ம் தேதி நாக்பூரை அடுத்த காம்ப்டியில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். காம்ப்டி பழைய ராணுவக் குடியிருப்பு ஊர். அந்த ஊருக்கும் தமிழ்நாட்டு ஒடுக்கப்பட்டோர் இயக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1932 மே மாதம் அங்கேதான் அகில இந்திய தாழ்த்தப்பட்டோர் காங்கிரஸ் மாநாடு கூடியது. எம்.சி.ராஜாவும் மூஞ்சேயும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஏற்காமல், அம்பேத்கரின் தனித் தொகுதிக் கோரிக்கைக்குத் துணை நின்ற மாநாடு அது. தலைமை தாங்கியவர் நம் மாகாணத்தின் வி.ஐ.முனுசாமிப் பிள்ளை. பின்னாளில் ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்றவர். அப்போது ருஸ்தம்ஜிக்கு 16 வயது நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன.

நாக்பூரில் அறிவியல் படித்த ருஸ்தம்ஜி 1938-ல் இந்தியக் காவல் பணிக்குத் தேர்வானார். இன்றைய ஐ.பி.எஸ்.-க்கு முந்தைய, வெள்ளையர் ஆட்சியின் ஐ.பி. பணி அது. மத்திய மாகாணத்தில் வேலை. 1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது நாக்பூரில் அரசுத் தரப்பில் நின்று கலவரத்தை அடக்கும் பணியில் இருந்தார். தேசிய இயக்கத்தார் பார்வையில் இது குறைதான். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, எந்தத் தலைவர்களின் ஆட்களைத் தடுத்து நின்றாரோ அதே தலைவர்களின் அரசுக்கு அவர் வேலை செய்தார். 1948-ல் ஹைதராபாத் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்த நடவடிக்கையிலும் அவருக்குப் பங்கு இருந்தது.

1952-ல் பிரதமர் நேருவின் தலைமைப் பாதுகாப்பு அதிகாரியானார். ஆறு ஆண்டுகள் நேரு போன இடமெல்லாம் போனார். இன்றைய குண்டு துளைக்காத கார்கள் இல்லாத காலம். நேருவோ கூட்டத்தைக் கண்டால் தடுப்பைத் தாண்டிக் குதித்துவிடுகிறவர். அவரைக் காப்பது எத்தனை சிரமமான வேலை என்பதை ருஸ்தம்ஜி தினமும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அவர் மறைந்த பிறகு, ஓய்வுபெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி பி.வி.ராஜகோபால் அதைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக்கினார். காவல் துறையில் இருந்துகொண்டு இப்படி நாள் தவறாமல் எழுதியவர்கள் மிகக் குறைவு. அந்த எழுதும் பழக்கம்தான் பின்னால் பீகார் சிறைகளில் நமக்குப் பயன்பட்டது.

அந்த ஆறு ஆண்டுகளுக்குள்தான் நம் அரியலூரின் பெயர் டெல்லியை உலுக்கியது. 1956 நவம்பர் 23-ம் தேதி அதிகாலையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். நேரு அதை ஏற்றுக்கொண்டார். அந்த சாஸ்திரியே பின்னர் பிரதமரானார். அவருடைய ஆட்சியில்தான் ருஸ்தம்ஜி எல்லைப் பாதுகாப்புப் படைக்குத் தலைவரானார். விபத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சாஸ்திரியின் ராஜினாமாவைச் சொல்கிறோம். ஆற்றோடு போன ஏழைப் பயணிகளைப் பற்றி எழுதப்பட்டது கொஞ்சம்தான்.

1958-ல் மத்தியப் பிரதேசத்தின் காவல் துறைத் தலைவராக, அன்றைய வழக்கில் ஐ.ஜி.யாக, ருஸ்தம்ஜி பொறுப்பேற்றார். சம்பல் பள்ளத்தாக்கு அப்போது கொள்ளைக் கூட்டங்களின் ராஜ்யம். கிராமத்தாரின் மூக்கை அறுத்து அச்சுறுத்திய கப்பர் சிங் 1959 நவம்பரில் காவல் துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார். 'ஷோலே' படத்தில் வரும் வில்லனுக்குப் பெயர் வந்தது இவரிடமிருந்துதான். அமிர்தலால், ரூபா, லாக்கன் என்று பல கூட்டங்களின் தலைவர்கள் அடுத்தடுத்து ஒழிக்கப்பட்டார்கள். 1960-ல் வினோபா பாவே பள்ளத்தாக்கில் நடைப்பயணம் போய்க் கொள்ளையர்களைச் சரணடையச் செய்தபோது, ருஸ்தம்ஜி அதை வெளிப்படையாக எதிர்த்தார். உயிரைக் கொடுத்துச் சண்டை போடும் காவலர்களின் மனத்திடத்தை அது கெடுக்கும் என்பது அவர் வாதம்.

இந்தக் கட்டத்தை நாம் கொண்டாடப் போவதில்லை. சுட்டுக் கொன்று கணக்கை முடிக்கும் வழி, சட்டத்தின் கடைசிப் படியில் நிற்கிறவன் மேல்தான் கடைசியில் விழும். 'என்கவுன்ட்டர்' என்ற சொல்லைக் கேட்டாலே நம் சேரிகளில் தாய்மார்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைப்பதற்குக் காரணம் உண்டு. அப்படிப்பட்ட பணியில் ஏழு ஆண்டுகள் இருந்தவர், பிற்காலத்தில் சிறைக்குள் போய்ப் பார்த்ததை மறைக்காமல் எழுதினார் என்பதால்தான் அவருடைய எழுத்துக்கு எடை கூடியது. காவல் துறையின் பகைவர் சொன்னது என்று யாராலும் அதைத் தள்ளிவிட முடியவில்லை.

எல்லைப் பாதுகாப்புப் படையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1965 ஏப்ரலில் கட்ச் எல்லையில் சர்தார் சாவடி தாக்கப்பட்டபோது, எல்லையைக் காத்தவர்கள் அந்தந்த மாநிலக் காவலர்களும் ரிசர்வ் போலீசாரும்தான். போதிய ஆயுதம் இல்லை, ஒரே தலைமை இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி, பல மாநிலங்களின் ஆயுதக் காவல் பட்டாலியன்களை ஒன்று சேர்த்து பி.எஸ்.எஃப். உருவானது. ருஸ்தம்ஜி அதன் முதல் தலைமை இயக்குநர். 1974 வரை ஒன்பது ஆண்டுகள் அதைக் கட்டினார். குவாலியர் அருகே தேகன்பூரில் பயிற்சி மையம் அமைத்தார். 1971-ல் கிழக்கு வங்கத்தில் பாகிஸ்தான் ராணுவம் வெறியாட்டம் ஆடியபோது, முக்தி வாகினிக்கு முதலில் கைகொடுத்தது பி.எஸ்.எஃப். ஏப்ரல் 17-ம் தேதி முஜிப்நகரில் வங்கதேசத்தின் தற்காலிக அரசு பதவியேற்ற நிகழ்ச்சிக்குப் பின்னால் இருந்து ஏற்பாடுகள் செய்ததும் அவருடைய ஆட்கள்தான். அந்த ஆண்டு எல்லை தாண்டி வந்த அகதிகள் சுமார் ஒரு கோடிப் பேர்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. இன்று பெரம்பலூர், அரியலூர் பகுதியின் பட்டியல் சமூக இளைஞர்கள் பலருக்குச் சீருடைப் பணி பெரிய கனவு. அதிகாலையில் சாலையோரம் ஓடிப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். பி.எஸ்.எஃப். உள்ளிட்ட மத்தியப் படைகளின் காவலர் தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுதலாம். பட்டியல் சாதியினருக்கு 15 சதவீத ஒதுக்கீடும் ஐந்து ஆண்டு வயதுத் தளர்வும் உண்டு. ஆங்கிலமும் இந்தியும் தெரியாததால் ஒதுங்கிய பிள்ளைகளின் காதுக்கு இது போய்ச் சேர வேண்டும்.

1974-ல் உள்துறை அமைச்சகத்தில் சிறப்புச் செயலாளராகப் போனார். கடலோரக் கடத்தலைத் தடுக்கும் வழி சொல்ல அமைக்கப்பட்ட குழுவுக்கு அவர் தலைவர். அந்தக் குழுவின் பரிந்துரையிலிருந்து பிறந்ததுதான் இந்தியக் கடலோரக் காவல் படை. 1976-ல் ஓய்வுபெற்றார். அதிகாரிகள் பெரும்பாலும் இந்த இடத்தில் கதையை முடித்துக்கொள்வார்கள். இவருக்கு நம்மைப் பொறுத்தவரை இங்கேதான் தொடங்குகிறது.

நெருக்கடி நிலை முடிந்து 1977-ல் ஜனதா ஆட்சி வந்தது. நெருக்கடிக் காலத்தில் காவல் துறை எப்படியெல்லாம் ஆட்சியாளர்களின் கையாளாக நடந்தது என்ற கோபம் நாடெங்கும் இருந்தது. வேறொரு கோபமும் இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் பீகாரின் பெல்ச்சியில் தலித்துகள் உட்பட 11 பேர் தீயில் போட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. 1978 ஜூலையில் நம் பக்கத்து விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். காவல் நிலையம் யாருடைய பக்கம் நிற்கிறது என்ற கேள்வி சேரிக்குச் சேரி எழுந்த காலம் அது.

1977 நவம்பரில் மத்திய அரசு தேசியக் காவல் ஆணையத்தை அமைத்தது. 1861-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் காவல் துறையை முழுக்க ஆராய்ந்து சொல்வது அதன் வேலை. தலைவர் தரம்வீரா. உறுப்பினர்களில் ஒருவர் ருஸ்தம்ஜி. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி என்.கிருஷ்ணசாமி ரெட்டியும் உறுப்பினர். உறுப்பினர்-செயலாளராக இருந்த சி.வி.நரசிம்மன் தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.பி.எஸ். அதிகாரி.

ஆணைய வேலையாகப் பீகாருக்குப் போன ருஸ்தம்ஜி சிறைகளுக்குள் போய்ப் பார்த்தார். முசாபர்பூர், பாட்னா சிறைகளில் அவர் கண்டது தண்டனை பெற்றவர்களை அல்ல. வழக்கே தொடங்காதவர்களை. சின்னச் சின்னக் குற்றச்சாட்டு. நிரூபணமானாலும் சில மாதமோ ஓரிரு ஆண்டோ தண்டனை. ஆனால் ஐந்து, ஏழு, பத்து ஆண்டுகளாக உள்ளே இருக்கிறார்கள். குற்றமே செய்யாத பெண்களும் இருந்தார்கள். அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் அல்லது சாட்சிகள். பாதுகாப்பு என்ற பெயரில் அவர்களையும் சிறையில் வைத்திருந்தார்கள். நீதிபதி முன் கொண்டுபோக ஆள் இல்லை, வழக்கறிஞர் வைக்கக் காசு இல்லை, தேடி வர உறவும் இல்லை.

ஓர் ஆணைய உறுப்பினர் இதைக் கோப்பில் குறித்துவிட்டு அறிக்கை வெளிவரும்வரை காத்திருக்கலாம். ருஸ்தம்ஜி காத்திருக்கவில்லை. 1979 ஜனவரி 8, 9 தேதிகளில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழில் இரண்டு கட்டுரைகளாக எழுதினார். எந்தச் சிறை, யார், எத்தனை ஆண்டு, என்ன குற்றச்சாட்டு என்ற விவரங்களோடு எழுதினார். எந்தத் துறையைப் பற்றி எழுதினாரோ அந்தத் துறையில் வாழ்நாள் முழுக்க இருந்தவர் கொடுத்த விவரம் அது.

டெல்லியில் அந்தக் கட்டுரைகளைப் படித்த வழக்கறிஞர் தம்பதி கபிலா ஹிங்கோராணியும் நிர்மல் ஹிங்கோராணியும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பாதிக்கப்பட்டவரோ அவருடைய உறவினரோதான் வழக்குப் போடலாம் என்பது அதுவரை வழக்கம். பத்திரிகையில் வந்ததை வைத்து, முன்பின் தெரியாத கைதிகளுக்காக கபிலா ஹிங்கோராணி மனுப் போட்டார். மனுவில் இருந்த பெயர்களில் முதலாவது ஹுசைனாரா காத்தூன். அந்தப் பெயரால்தான் வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. பொதுநல வழக்கு என்று இன்று நாம் எளிதாகச் சொல்கிறோமே, அந்த வழிக்கு முதல் கதவைத் திறந்தது இந்த வழக்குதான்.

நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான அமர்வு, விரைவான விசாரணை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஏழைக்கு இலவச சட்ட உதவி அரசு போடும் பிச்சை அல்ல, நியாயமான விசாரணையின் ஒரு பகுதி என்றது. பண ஜாமீன் கேட்டு ஏழையை உள்ளே வைக்கும் முறையைக் கண்டித்து, ஊரோடு வேரூன்றி வாழ்கிறவர்களைச் சொந்தப் பிணைப் பத்திரத்திலேயே விடலாம் என்றது. இந்த வழக்கின் விளைவாக நாடெங்கும் சுமார் 40,000 விசாரணைக் கைதிகள் வெளியே வந்தார்கள்.

அவர்களில் தலித்துகள் எத்தனை பேர் என்று அன்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இப்போது கணக்கு இருக்கிறது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5.73 லட்சம். அதில் விசாரணைக் கைதிகள் சுமார் 4.34 லட்சம். நான்கில் மூன்று பேர் தண்டனை பெறாதவர்கள். விசாரணைக் கைதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். நாட்டு மக்கள்தொகையில் நம் பங்கு 16.6 சதவீதம்தான்.

ஆணையத்தின் அறிக்கைகளுக்கு வருவோம். 1979 முதல் 1981 வரை எட்டு அறிக்கைகள் வந்தன. ருஸ்தம்ஜி தனியாக எழுதியவை அல்ல. ஆனால் சிறையில் அவர் கண்டதன் எதிரொலி அவற்றில் கேட்கிறது. மூன்றாவது அறிக்கை, கைது செய்யும் அதிகாரம்தான் காவல் துறை ஊழலின் முக்கிய ஊற்றுகளில் ஒன்று என்று கண்டது. நடக்கும் கைதுகளில் ஏறக்குறைய 60 சதவீதம் தேவையற்றவை அல்லது நியாயமற்றவை என்றது. சிறைச் செலவில் 43.2 சதவீதம் இப்படிப்பட்ட கைதுகளால் ஆகிறது என்றும் சொன்னது. 1994-ல் ஜோகிந்தர் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் எடுத்தாண்டு, கைது செய்ய அதிகாரம் இருப்பது வேறு, கைது செய்ய நியாயம் இருப்பது வேறு என்று பிரித்துக் காட்டியது.

அதே மூன்றாவது அறிக்கையில் நலிந்த பிரிவினரும் காவல் துறையும் பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறது. தீண்டாமை வழக்குகளும் பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளும் ஒழுங்காக விசாரிக்கப்படுகின்றனவா என்று கண்காணிக்க மாநில அளவில் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு வேண்டும் என்று அது சொன்னது. மாவட்டத்தில் கோட்ட அதிகாரியின் கீழ் ஒரு கூட்டுப் பிரிவு அமைத்து, தலித் மக்களின் புகார்களை, முக்கியமாக நிவாரணம் கிடைக்காத புகார்களை, விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது 1989-ல். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டது இது.

முதல் அறிக்கையும் நமக்கு வேண்டியது. காவலில் மரணமோ கொடுங்காயமோ நேர்ந்தால், காவலில் பெண் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகப் புகார் வந்தால், கூட்டத்தைக் கலைக்கத் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேரோ அதற்கு மேலோ செத்தால், கட்டாயம் நீதி விசாரணை வேண்டும் என்றது. காவலர்களின் வேலை நேரம், குடியிருப்பு, மரியாதை பற்றியும் விரிவாகப் பேசியது. மேலதிகாரி வீட்டில் காவலர்களை எடுபிடி வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறையை ஒழிக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் அதற்கான அரசாணை 1979-லேயே வந்துவிட்டது. ஆனாலும் 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. நம் சமூகத்தில் இருந்து முதல் தலைமுறையாகக் காக்கிச் சட்டை போட்ட பிள்ளை, அதிகாரி வீட்டுத் துணி துவைக்கப் போவதற்கா அந்தச் சட்டையைப் போட்டான்?

1980-ல் ஆட்சி மாறியது. அறிக்கைகள் ஜனதா காலத்துச் சரக்கு என்று ஒதுக்கப்பட்டன. ருஸ்தம்ஜி பம்பாயில் இருந்துகொண்டு பத்திரிகைகளில் தொடர்ந்து எழுதினார். எல்லைப் பாதுகாப்பு, பயங்கரவாதம், மதக் கலவரம், காவல் சீர்திருத்தம் எல்லாவற்றையும் பற்றி எழுதினார். நாட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிற அறிஞர்கள் பலர் எல்லைக் கோட்டோடு நின்றுவிடுவார்கள். ஊர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போன ஏழை அடி வாங்காமல் திரும்புவதும் நாட்டின் பாதுகாப்பில் சேரும் என்று பார்த்தவர் ருஸ்தம்ஜி. நமக்கு இவர் ஒட்டுகிற இடமும் அதுதான். 1991-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். 2003 மார்ச் 2-ம் தேதி, 86 வயதில், மும்பையில் காலமானார்.

ஆணையத்தின் பரிந்துரைகளை நிறைவேற்றச் சொல்லி ஓய்வுபெற்ற அதிகாரி பிரகாஷ் சிங் 1996-ல் தொடுத்த வழக்கில், 2006 செப்டம்பர் 22-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பார்க்க ருஸ்தம்ஜி இல்லை. காவலர்கள் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் ஆணையங்கள் வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் கட்டளைகளில் ஒன்று. தமிழ்நாடு 2013-ல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே உறுப்பினர். காவலர் மேல் புகார் சொல்லப் போனால், கேட்கிறவர் காவலரின் மேலதிகாரி. இதற்குப் பெயர் சீர்திருத்தமா என்று கேட்டுத்தான் சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 31 சதவீதம், அரியலூரில் 23 சதவீதம். மாநில சராசரி 20. குன்னம், ஆலத்தூர், வேப்பந்தட்டை, செந்துறை, ஆண்டிமடம் பக்கம் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடையாய் நடக்கிறவர்களில் நம் மக்கள் எத்தனை பேர் என்பதைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றாலே பார்க்கலாம். ஆகவே ருஸ்தம்ஜி தொடங்கி வைத்ததில் இன்று சட்டமாக இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவுப்படி, விசாரணைக் கைதி ஒருவர் தன் மேல் உள்ள குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை உள்ளே கழித்திருந்தால் பிணையில் விடப்பட வேண்டும். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. காலம் நிறைந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

பிணை உத்தரவு வந்து ஏழு நாளில் கைதி வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. ஒரு மாதம் ஆகியும் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். இவை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிமுறைகள். ஏழைக் கைதிகளுக்கு உதவ மத்திய அரசின் திட்டம் ஒன்றும் 2023-ல் வந்தது. பணம் கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு அதில் பண உதவி கிடைக்கும்.

பட்டியல் சாதியினருக்கு இலவச வழக்கறிஞர் கிடைக்க வருமானச் சான்று தேவையில்லை. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சாதிச் சான்றே போதும். பெரம்பலூர், அரியலூர் நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகங்களில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

ஆணையம் 1980-ல் கேட்ட கோட்ட அளவிலான பிரிவுக்கும் இப்போது சட்ட வடிவம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழுவும், கோட்டாட்சியர் தலைமையில் கோட்டக் கண்காணிப்புக் குழுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். எத்தனை வழக்கு பதிவானது, எத்தனையில் நிவாரணம் கொடுத்தார்கள், எத்தனையில் துணைக் கண்காணிப்பாளர் விசாரித்து 60 நாளில் குற்றப்பத்திரிகை போட்டார் என்பதெல்லாம் அந்தக் கூட்டங்களில் பேசப்பட வேண்டும். பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் கோட்டங்களில் இந்தக் குழுக்கள் கடந்த ஓராண்டில் எந்தெந்தத் தேதியில் கூடின, யார் யார் உறுப்பினர்கள், கூட்டக் குறிப்பில் என்ன இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம்.